புகை குடிக்கும் கல்

2047, ஆயுத பூஜை. சங்ககிரி ஆலை, அறை எண் 2.
எழுதுவது: கார்குழலி, நிறுவனர்.

09:20
சுண்ணாம்புச் சூளைப் புகையிலிருந்து பிரித்த கரியமில வாயுவைக் குடித்து இறுகும் கட்டடக் கல். அதுதான் எங்கள் தொழில். எல்லா இயந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. ஆட்கள் பொரிகடலையோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். திங்கட்கிழமை கையெழுத்துப் போட வரும் முதலீட்டாளர்களுக்காக மாதிரிக் கல் ஒன்று எடுக்க, கற்களுக்கு வாயு ஊட்டும் இந்த அறைக்குள் வந்திருக்கிறேன். அறைக் காற்றில் வாயு 0.1%.

09:34
கதவு தானாக மூடிக்கொண்டது. உள்ளிருந்து திறக்க வழியில்லை. வாயு வரத் தொடங்கிவிட்டது. ஆள் உள்ளே நுழைவதைக் கண்டால் இதைத் தடுக்கும் கேமரா வெளிப்பக்கம், வாசலுக்கு மேலே இருக்கிறது; இங்கிருந்து எட்டாது. ஏணி போட்டு அதன்மேல் சந்தனத்தை அப்பியது நான்தான். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். கைபேசி வெளியே பூஜையில். இங்குள்ள டேப்லெட்டிலிருந்து மேற்பார்வையாளர் பொங்கியண்ணனுக்கு மட்டுமே செய்தி போகும்.

09:41
அவர் பதில்: "அய்யோ அம்மிணி! நான் சென்னிமலைல இருக்கறனுங்க. வர ஒரு மணி நேரமாகுமுங்க. தீயணைப்புக்குச் சொல்லட்டுங்களா? பத்து நிமிசத்துல வந்துருவாங்க."

09:43
நான்: "வேண்டாங்ணா. வெளிய தெரிஞ்சா திங்கக்கெழம கையெழுத்து விழாது. கல்லு நாலு மணி நேரம் வாயுவைக் குடிக்கும், அதுவரைக்கும் மூச்சுக்குப் பயமில்ல. நீங்களே வாங்க."

10:02
0.9%. கற்கள் சுடுகின்றன. நாலு மணி நேரம் என்பது மேடைக்குச் சொன்ன கணக்கு. சோதனையில் வந்தது ஒன்றரை. அதைச் சொன்னால் ஒரு சூளைக்காரனும் எங்களிடம் வந்திருக்க மாட்டான். சொல்லிச் சொல்லி எனக்கே நிஜமாகிவிட்டது. போகட்டும், அவர்தான் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவாரே.

10:24
"அம்மிணி, பவானி வந்துட்டனுங்க. வண்டில சார்ஜ் இல்லீங்க. நாலு மணி நேரம் இருக்குதுங்களே, முழுசா ஏத்திட்டே வந்தர்றனுங்க. போனும் சாகப் போவுது, அணைச்சு வெக்கறேன்."

10:25
அனுப்பினேன்: "நாலு இல்லீங்ணா! ஒன்றரைதான்! தீயணைப்பக் கூப்பிடுங்க!"
போய்ச் சேரவில்லை.

10:50
2.8%. பதினெட்டு முறை அனுப்பிவிட்டேன். கல்லால் கதவை இடித்தேன். கல்தான் உடைகிறது. சாகப் பயமாக இருக்கிறது.

11:07
5%. கற்கள் குடிப்பதை நிறுத்திவிட்டன. மூச்சு வாங்குகிறது. இதை எடுப்பவர்கள் எல்லாரிடமும் சொல்லுங்கள், கல் நல்ல கல். பொய் சொன்னது நான்.

11:19
தலை வெடி
சார்ஜ் ஏறின வரைக்கும் போதுங்ணா கிளம்பு