எனக்கு மட்டும் சொல்லாத நோய்

கிழக்குத் தாம்பரம்
6.2.2025

அன்பு மகன் பிரேமுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் சரிதாவும் சுகம்தானே. நான் சுகமாக இல்லை என்பது உனக்கு டிசம்பரிலேயே தெரியும் என்று நேற்றுதான் தெரிந்துகொண்டேன்.

போனில் நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது. அதற்குள் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

நேற்று மீன்கார முனியம்மா கூடையை இறக்கியதும் கண்ணைத் துடைத்தாள். "இன்னாக்கா, கேன்சர் ரெண்டாவது ஸ்டேஜாமே. பிரேமு போன்ல சொல்லிச்சு. நீ அடுப்பாண்ட போவாத, கொழம்பு நானே கொண்ணாறேன்" என்றாள். எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டினேன். அவமானமாக இருந்தது.

டிசம்பரில் நீ வந்திருந்தபோது டாக்டரிடம் ஆங்கிலத்தில் பேசிவிட்டு, "நெஞ்சுல தண்ணி கோத்திருந்துச்சுமா, எடுத்தாச்சு" என்றாய். நம்பினேன். ஊசி குத்தியது என் விலாவில். விவரம் மட்டும் மீன்காரிக்கா?

இரண்டு என்றால் நாலுக்கு இரண்டா, பத்துக்கு இரண்டா? ஒளிக்காமல் எழுது. இந்த மாதம் ஊறுகாய் அனுப்பவில்லை. மனசு வரவில்லை.

அம்மா

புனே
12.2.2025

அன்புள்ள அம்மா,

நீ தனியாக இருக்கிறாய், முனியம்மா அக்கா தினமும் வருகிறவர் என்றுதான் அவரிடம் சொன்னேன். தப்புதான்.

நோயின் பெயர் மீசோதீலியோமா. நுரையீரலை மூடியிருக்கும் மெல்லிய உறையில் வரும் புற்றுநோய். மொத்தம் நாலு நிலை. ஒரு பக்கத்து உறையோடு நின்றால் ஒன்று. பக்கத்து நிணநீர்க் கட்டிகளில், நெறி கட்டியிருக்கிறது என்போமே, அங்கே போயிருந்தால் இரண்டு. இன்னும் அகலமாகப் பரவினால் மூன்று. தூரத்து உறுப்புகளுக்குப் போனால் நாலு. உனக்கு இரண்டு.

அப்பாவின் பிரேக் லைனிங் கம்பெனியில் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார்த் தூசிதான் காரணமாம். அவர் உடுப்பைத் துவைத்தது நீதானே. எத்தனையோ வருஷம் கழித்து இப்படி வருமாம்.

மாத்திரை சாப்பிட்டு ஓய்வெடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பிரேம்

கிழக்குத் தாம்பரம்
20.2.2025

பிரேம்,

நீ பார்த்துக்கொண்ட லட்சணம் தெரிந்தது. ஆட்டோ பிடித்து நானே டாக்டர் ஜெரூஷாவிடம் போனேன். படம் வரைந்து காட்டினார். நோய் எங்கே நிற்கிறது என்பதைத்தான் ஸ்டேஜ் சொல்லுமாம், நான் எத்தனை நாள் இருப்பேன் என்பதை இல்லையாம். அதை வைத்துத்தான் வைத்தியத்தை முடிவு செய்வார்களாம். அப்புறம், "கீமோ மருந்து ஏத்திக்க மாட்டேன்னு நீங்க சொன்னதா உங்க பையன் சொன்னாரேம்மா" என்றார்.

நான் எப்போது சொன்னேன்? மருந்தால் நோய் முழுதாகப் போகாது, காலம் கிடைக்கலாம் என்கிறார். அந்தக் காலத்தை வேண்டாம் என்று சொல்ல நீ யார்?

அப்பா மறைமலை நகர் கம்பெனிக்குப் போட்டுப் போய் வந்த அந்தக் காக்கிச் சட்டையை உதறி உதறித் துவைத்தேன். தூசி ஆகாது என்று கம்பெனிக்காரன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனாவது யாரோ. நீ என் வயிற்றில் பிறந்தவன்.

மருந்து ஏற்றச் சம்மதம் சொல்லிவிட்டேன். முதலில் மறுபடி ஸ்கேன் எடுக்கிறார்கள்.

பொன்னி சக்திவேல்

புனே
25.2.2025

அம்மா,

அப்பாவிடம் அவருடைய நோயைச் சொன்ன மூன்றாவது வாரம், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் அப்படியே போய்விட்டார். உன்னையும் அப்படிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மருந்து உன்னை வாட்டிவிடும் என்றும் பயந்தேன். மன்னித்துவிடு. நான் வரட்டுமா?

பிரேம்

கிழக்குத் தாம்பரம்
4.3.2025

பிரேம்,

ஸ்கேன் வந்தது. இப்போது மூன்று என்கிறார்கள். முன்பே மருந்து ஏற்றியிருந்தாலும் பரவியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். யார் கேட்டாலும் நானும் அதையே சொல்வேன். உன்னைத் தேற்ற உன்னிடம் மட்டும் சொல்ல மாட்டேன். முதல் மருந்து நேற்று ஏற்றினார்கள்.

அப்பா சுவரைப் பார்த்தது கடைசி நாளில். அதுவரை அவர் என்னோடு பேசியதெல்லாம் கல்யாணமான நாளிலிருந்து பேசாதது. தெரிந்ததால்தான் பேசினார். நீயும் தினமும் போன் செய்தாய். சாப்பிட்டாயா, தண்ணி லாரி வந்ததா என்று கேட்டாய். நானும் வந்தது என்றேன். எத்தனை நாளை வீணாக்கிவிட்டோம்.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். இந்த நோய் வந்த பிறகு நீ என் சம்மதம் கேட்டது இதுதான் முதல் தடவை.

வா. திட்டுவேன். வாங்கிக்கொள்.

அம்மா