அக்கா தைத்த வேகம்

ஜூன் 11, 2007. திங்கள்.

காலையிலிருந்து தூறல். அருள்புரம் ரோடு முழுக்கச் சேறு. கம்பெனி பஸ்ஸில் எனக்கு உட்கார இடமில்லை, அக்கா மடியில் என் பை.

புது ட்ரெயினி பேட்ஜ் கொடுத்தார்கள். இரண்டாம் வருஷம். வாரத்தில் நாலு நாள் கம்பெனி, மிச்சம் இன்ஜினியரிங் காலேஜ், ஃபீஸ் கம்பெனி கட்டும். இந்த ஸ்கீமில் இடம் கிடைத்தது என் அதிர்ஷ்டமாம். அக்காவும் அதையே சொல்கிறாள். பத்தாவதோடு நிறுத்திவிட்டு இதே கம்பெனிக்குத் தைக்க வந்தவள். அவள் சொன்னால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த மாதம் ஐ.இ., அதாவது இன்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் டிபார்ட்மென்ட். வேலை: ஸ்டாப்வாட்சோடு டெய்லர் பக்கத்தில் நின்று ஒரு பீஸுக்கு எவ்வளவு நேரம் என்று எழுதுவது. அதை வைத்துத்தான் மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட்.

வாங்க: ரீஃபில், தே. எண்ணெய், அக்காவுக்கு முதுகுவலித் தைலம்.

ஜூன் 13. புதன்.

வாட்சைக் கண்டதும் எல்லோர் கையும் மெதுவாகிவிடுகிறது. நூல் அறுந்துவிட்டது, ஊசி மாற்றணும், தண்ணீர் குடிக்கணும். சூப்பர்வைசருக்கும் தெரியும். "கொஞ்சம் உட்டுத்தான் புடிக்கோணும் கண்ணு. நாள் பூரா உக்கார்றது அவங்கல்ல" என்றார். நல்ல மனுஷன்.

நாளைக்கு ஏழாவது லைன். டி-ஷர்ட்டுக்குக் கை மடித்துத் தைப்பது. அக்காவும் அவள் கூட்டாளி தனலட்சுமி அக்காவும் உட்காரும் லைன். வேறு ட்ரெயினியை அனுப்புங்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன். "கம்பெனிக்குள்ள அக்கா தங்கச்சியெல்லாம் கெடையாதுங்க ரூபி."

சரி.

ஜூன் 14. வியாழன்.

அக்கா ஏன் அப்படித் தைத்தாள்? குனிந்த தலை நிமிரவில்லை. தனலட்சுமி அக்கா தன் மெஷினை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். நான் கண்ணைக் காட்டினேன், இருமினேன். இன்னும் வேகம். முடிந்ததும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

வேகமான ஆளாக இருந்தால், மற்றவர்களாலும் எட்ட முடிகிற மாதிரி கணக்கில் நேரத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டும், அதுதான் பாடம். கூட்டித்தான் எழுதினேன். மேனேஜர் பேனாவால் அடித்தார். "சொந்த அக்காளுக்கே கூட்டிப் போட்டா நாலு பேரு என்னங்க நெனைப்பாங்க?"

சரிங்க சார் என்றேன். ஸ்கீமிலிருந்து தூக்கிவிட்டால் என்ற பயம்தான், வேறென்ன.

ஜூன் 19. செவ்வாய்.

வெயில். புது டார்கெட் போர்டில் ஏறிவிட்டது. கை மடிக்கிற எல்லோருக்கும் அக்காவின் வேகம்.

பாத்ரூம் பக்கம் தனலட்சுமி அக்கா நிறுத்தினார். சத்தம் போடவில்லை. "ஏனுங்க ரூபி, நீங்க டிகிரி வாங்கோணும்னா எங்க இடுப்பு ஒடியோணுங்களா?" கத்தியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

கேன்டீனில் அக்கா தனியாக. தினமும் டப்பாவை மாற்றிச் சாப்பிடுகிற கூட்டம் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டது. நான் போய் உட்கார்ந்தால் இன்னும் மோசம் என்று ட்ரெயினி டேபிளிலேயே இருந்தேன். புளிக்குழம்பு. டப்பாவை அப்படியே மூடிவிட்டேன்.

ஜூன் 26. செவ்வாய்.

அக்காவாலேயே முடியவில்லை. அன்றைக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஓடினாள், நாள் பூரா ஓட யாரால் முடியும். தையல் கோணுகிறது, பீஸ் திரும்பி வருகிறது. "அன்னைக்கு வந்துச்சல்லங்க, இன்னைக்கு ஏன் வரலீங்க?" என்று அந்த நல்ல மனுஷனே கேட்கிறார்.

நாளை: கணக்கு டெஸ்ட். படிக்கவில்லை.

ஜூன் 29. வெள்ளி.

அக்காவை மெஷினிலிருந்து எழுப்பிவிட்டார்கள். நூல் வெட்டுகிற டேபிள். ஹெல்பர். சேர்ந்த புதிதில் நின்ற அதே டேபிள். தனலட்சுமி அக்கா வேலையை விட்டே நின்றுவிட்டாராம், முதலிபாளையத்தில் ஏதோ சின்ன யூனிட்.

மேனேஜர் ரூம் வரை போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஃபோனில் இருந்தார். திரும்பி வந்துவிட்டேன். கோழை.

பஸ்ஸில் எனக்கு அழுகை அழுகையாக வந்தது, பேட்ஜைக் கழற்றிப் பையில் போட்டேன்.

ஜூலை 1. ஞாயிறு.

மேகமூட்டம். கோயிலுக்குக் கிளம்பும்போது தலை பின்னிக்கொண்டே அக்கா கேட்டாள். "ஏட்டி, மார்க்கு போட்டுட்டாவளா?"

என்ன மார்க்?

"வாட்ச்ச வச்சுக்கிட்டு எம் பக்கத்துல நின்னியே, அந்தப் பரிச்சைக்கு. சாருமாரு நின்னா டார்கெட்டுக்கு, அது தெரியும். நீ படிக்கிற பிள்ளலா, ஒனக்குப் பரிச்சைன்னுலா நெனச்சேன். எல்லாவளும் மெதுவாத் தச்சு ஒன்ன ஃபெயிலாக்கிருவாளுவன்னு பயம். அதான் உயிரக் குடுத்துத் தச்சேன்."

கொண்டை ஊசியை வாயில் கடித்துக்கொண்டு சொன்னாள். "டார்கெட்டும் ஏறும்னு நெனைக்கல. போட்டும். மார்க்கு போட்டுட்டாவளா?"

ஐ.இ.யில் என்ன வேலை என்று ஒரு நாள்கூட அவளிடம் சொன்னதில்லை. ஒரே பாயில் படுக்கிறோம்.

"போட்டுட்டாவ" என்றேன்.

"எவ்வளவு?"

"கிளாஸ்லயே நாந்தான் ஃபர்ஸ்ட்."

ஆராதனை முடிந்து வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னாள். எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள்.