பெயர் கேட்காத படிவம்

அன்புள்ள ராத்தா,

வாப்பாவின் போனில் இதைக் கதைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நேற்று உங்கள் கெம்பஸிலிருந்து ஒரு மிஸ் கோல் எடுத்துப் பேசினார். "விரிவுரையாளர் சேர் பர்தாவக் கேலி பண்ணினாரு எண்டு முறைப்பாடு போட்ட பிள்ளைட வீடுதானே? வாப்பாக்கிட்ட குடுங்க, செல்லம்." அந்தக் குரலின் இனிப்பை நான் நம்பவில்லை. வாப்பா வெளியே போய்விட்டார் என்று பொய் சொன்னேன்.

முறைப்பாடு போட்டது பெயரே கேட்காத படிவத்தில் என்றீர்களே! இணையத்தில் தேடி வாசித்தேன். பீடம், வருடம், மாவட்டம் எல்லாம் கேட்கிறது. உங்கள் வகுப்பில் புத்தளத்துப் பிள்ளை நீங்கள் ஒருவர்தானே, அதை வைத்தே கண்டுபிடித்திருப்பார்கள். அந்தக் கேள்விகளை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். முறைப்பாட்டை மட்டும் வாபஸ் வாங்காதீர்கள்.

"யாரு மகள் போன்ல?" என்று வாப்பா கேட்டார். "ராங் நம்பர்" என்றேன். அடுத்த தடவை போனை அவரே எடுத்தால், படிப்பை நிறுத்தி உங்களைக் கூட்டிவர பஸ் ஏறிவிடுவார். அந்த மிஸ் சொல்வதற்கு முன் நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் தங்கச்சி