நாலாவது ஆவணம்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌகரியம். உன் இருமல் விட்டதா, இல்லை வழக்கம்போல மருந்தை ஜன்னலில் வைத்துவிட்டு மறந்துவிட்டாயா?

நீ கேஸ் போட்ட செய்தி கிடைத்தது. நம் ஊர் மணியக்காரர் வேலைக்கு நீயும் மனுப் போட்டாய், உன் அத்தானும் போட்டார். கோட்ட அதிகாரி அத்தானுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். மூன்று வருஷம் தற்காலிகமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்த உனக்கு வயிறு எரியத்தான் செய்யும். கேஸ் ஹைகோர்ட்டில் இருக்கட்டும். நமக்கு நடுவில் வேண்டாம்.

உன்னிடம் மறைப்பானேன்? சின்னவள் படிப்புக்காக ஏழு மாதமாக டவுனில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறோம். அத்தான் விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புகிறார். பதிவேட்டுப் பையை மடியில் வைத்தபடியே தூங்கிவிடுகிறாராம். மணியக்காரர் ஊரிலேயே குடியிருக்க வேண்டும் என்பது விதி. அதனால் இது உன்னோடு இருக்கட்டும்.

நீ வீட்டோடு மாப்பிள்ளை ஆகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நிஜமா?

அன்புடன்,
அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் பரவாயில்லை. மருந்து ஜன்னலில்தான் இருக்கிறது.

நீ கேள்விப்பட்டது நிஜம். நம் வீட்டுக் கூரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. நான்கு மாதமாகப் பக்கத்து ஊரில் மாமியார் வீட்டு வாசம். காலையில் சைக்கிளில் வந்து வீட்டைத் திறந்து வைத்துவிட்டு, மாலையில் பூட்டிக்கொண்டு போகிறேன். மாமனார் பேப்பர் படித்து முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. சிரிக்காதே.

அத்தான் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதிகாரி அவரை மட்டும் கூப்பிட்டு விசாரித்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

உன் தம்பி

ஜூன் 20

தம்பிக்கு,

அத்தான் தன் வக்கீலிடமிருந்து கேஸ் கட்டின் நகலை வாங்கி வந்தார். சாப்பாட்டு மேஜையில் வைத்துப் புரட்டிக்கொண்டே வந்தவர், முப்பத்தோராம் பக்கத்தில் நின்றுவிட்டார். அது என் எழுத்து. மேலே ‘ஆவணம் 4’ என்று முத்திரை. மாடி வீடு, முதல் பஸ் என்ற வரிகளுக்கு அடியில் கோடு. உன் இருமலைப் பற்றிக் கேட்ட வரியும் அப்படியே இருக்கிறது. அதற்குக் கோடு போடவில்லை.

அத்தான் திட்டவில்லை. “நீ எழுதினதா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். கட்டை மூடிவிட்டுக் கை கழுவப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

எனக்கு மனசு விட்டுப்போயிற்று, தம்பி. நீ ஊரிலேயே நிரந்தரமாகக் குடியிருப்பதாகச் சத்தியம் செய்திருப்பதையும் படித்தேன்.

அக்கா

செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. யார் தகுதியானவர் என்று முடிவு செய்வது கோர்ட்டின் வேலை இல்லையாம். அது அதிகாரியின் பொறுப்பு. ஆனால் ஒருவரை விசாரிக்காமலே இன்னொருவருக்குக் கொடுத்தது தப்பு என்று சொல்லி, ஆர்டரை ரத்து செய்துவிட்டார் நீதிபதி. எட்டு வாரத்துக்குள் எங்கள் இருவரையும் வைத்துப் புதிதாக விசாரிக்க வேண்டும்.

முப்பத்தோராம் பக்கத்தை அவர் புரட்டவே இல்லை. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வக்கீல், “எழுத்துல ஏதாவது இருக்கா?” என்று கேட்டார், உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போதே கை கூசியது. கொடுத்ததும் நான்தான். மன்னித்துவிடு.

ஒன்று கேட்க வேண்டும். மார்ச்சில் நான் எழுதிய கடிதம் உன்னிடம் இருக்கிறதா?

தம்பி

செப்டம்பர் 17

தம்பிக்கு,

இருக்கிறது. இருந்தது என்று சொல்ல வேண்டும். இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். நகல் எடுக்கவில்லை.

விசாரணைக்கு நாள் குறித்ததும் அத்தான் என்னைக் கேட்டார்: “அவன் உனக்கு எழுதினதுல ஒண்ணுமே இல்லையா?”

“இருமலைப் பத்தி எழுதியிருந்தான், அவ்வளவுதான்” என்றேன். பதினெட்டு வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய். அவருக்குப் புரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். மறுபடி கேட்கவில்லை.

வேலை யாருக்குக் கிடைத்தாலும் நீ இங்கே வரலாம். மாடிப்படி எட்டாவது கல் ஆடுகிறது, பார்த்து ஏறு. உட்கார இடம் உண்டு, சாப்பாடு உண்டு. சின்னவளும் மாமா எங்கே என்று கேட்கிறாள். எது சொல்வதானாலும் நேரில் பேசிக்கொள்ளலாம். கடிதம் மட்டும் இனி எழுத மாட்டேன். நீயும் எழுதாதே.

கீழே ‘அக்கா’ என்றுகூடப் போடவில்லை. என் எழுத்து உனக்குத் தெரியும், உன் வக்கீலுக்கும் தெரியும்.