ஆட்சேபனை இல்லை என்று அடித்த வரி

இன்று காலை என் மேசைக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. கரியை மிச்சம் பிடிக்க வேண்டுமாம். இனி எங்கும் அணைக்கட்டு மின்சாரத்துக்கே முன்னுரிமையாம். நான்கு பிரதி எடுக்கக் கார்பன் தாளை உருவினேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது.

இதே மாதிரி உத்தரவு முன்பும் ஒரு தடவை வந்தது. அப்போது நீ சுரங்கத்து ஷாஃப்ட்டில் ஆள் போகும் இரும்புக் கூண்டை, அந்தக் கேஜை, ஏற்றி இறக்கும் இன்ஜினை ஓட்டிக்கொண்டிருந்தாய். நான் ஆபீசில் தட்டச்சன். கரண்ட் போனால் கைகொடுக்க கரியில் எரியும் ஒரு பழைய நீராவி பாய்லர் இருந்தது. அதைக் கழித்து விற்றுவிடலாம் என்று பேச்சு.

"ஆத்துல தண்ணி இருக்கிற வரிக்கும்தான் கரண்டு. மழை பேயலன்னா இன்னாடா பண்ணுவாங்க? பாய்லர் இருக்கட்டும்னு சொல்லு" என்றாய்.

ஓட்டுநர்கள் என்ன சொல்கிறார்கள் என்று மேலதிகாரி கேட்டார். அவர் முகம் கோணக் கூடாதே என்று, "ஓட்டுநர்களுக்கு ஆட்சேபனை இல்லை" என்று அடித்துக் கொடுத்தேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை. பாய்லர் போயிற்று.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. அணையில் தண்ணீர் இறங்கி, கரண்ட் நினைத்தபோது போனது. சாமான் கணக்கு பார்க்க நானும் கேஜில் இறங்கிய ஒரு மத்தியானம் அப்படித்தான் போயிற்று. இரண்டு லெவலுக்கு, சுரங்கத்தின் இரண்டு தளத்துக்கு, நடுவே பதினான்கு பேர் இருட்டில் தொங்கினோம். ஒருவர் ஜெபம் செய்தார், ஒருவர் புத்தம் சரணம் என்றார், ஒருவர் எல்லாரையும் திட்டினார்.

ரொம்ப நேரம் கழித்து கேஜ் அசைந்தது. பிரேக்கைத் தளர்த்தித் தளர்த்தி, எங்கள் பாரத்தாலேயே, சாண் சாணாக எங்களைக் கீழ் லெவலுக்கு இறக்கினாய். பிடி தவறியிருந்தால் அடிவரைக்கும் போயிருப்போம். உன் ஷிப்ட் முடிந்து மாற்றாள் வந்தும், நாங்கள் இறங்கிவிட்டோம் என்று கீழிருந்து மணி அடிக்கும்வரை நீ இடத்தை விடவில்லையாம்.

உன்னிடம் உண்மையைச் சொல்ல எனக்குப் பல வருஷம் பிடித்தது. ஊரிகம் ஸ்டேஷன் பெஞ்சில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாய்.

"அந்த வரியை அடிச்சது நான்தான்" என்றேன்.

"தெரியும்டா. போர்டுல ஒட்டினாங்களே, கீழ் மூலையில டைப் அடிச்சவன் இனிஷியல் இருந்துச்சி."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேக்கணும்னுதான் நாளைத் தள்ளிக்கினு இருந்தேன். அதுக்குள்ள நீ கேஜ்ல மாட்டிக்கினே. பிரேக்கைப் புடிச்சினு இருந்தப்போ, இவன் மேல வரட்டும், நாலு வார்த்த கேக்கலாம்னு நெனச்சேன். வந்துட்ட. போதும்னு வுட்டுட்டேன்."

நீ திட்டியிருக்கலாம். அந்த நாலு வார்த்தை என்னவாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நானே எனக்குச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.