நான்கு காகிதத் துண்டுகள்

மர்பி டவுன், பெங்களூர்
12-6-1961

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் இருமல் நின்றதா? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். ஓட்டல் சாம்பாரில் வெல்லம் போட்டுத் தொலைக்கிறார்கள், அது ஒன்றுதான் குறை.

கொரியாவுக்குப் போய் அந்த மொழியைப் படிக்க நான் போட்ட மனுவைப் பார்த்து, அதிகாரி ஒருவர் நேற்று என்னைக் கூப்பிட்டிருந்தார். வாயில் வெற்றிலையோடு, "நாய்க்கறி திங்கிற ஊருக்குப் போயி என்னய்யா படிக்கப் போறே?" என்று சிரித்தார். எச்சில் மனுவின் மேல் தெறித்தது. அந்த ஆள் அதைத் துடைக்கக்கூட இல்லை. "காரணம்னு இருக்கிற இடத்துல உலக சமாதானம்னு எழுது, கையெழுத்துப் போடறேன்" என்றார். எழுதிக் கொடுத்தேன். என் கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

உண்மைக் காரணத்தை உங்களுக்காவது சொல்கிறேன். கொரியச் சண்டை நின்றதும் நம் பட்டாளம் அங்கே போய் யுத்தக் கைதிகளைக் காவல் காத்தபோது, ஒரு கைதி ஒரு கடிதத்தை நீட்டி, சேர்ப்பாயா என்று சைகையால் கேட்டான். சரி என்று நம் வழக்கப்படி தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். அங்கே அதற்கு 'முடியாது' என்று அர்த்தமாம். அவன் கடிதத்தைக் கிழித்து என் காலடியில் போட்டுவிட்டான். பிறகு என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அம்மாவிடம் சொல்லிக் கொஞ்சம் நாரத்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். என் டிரங்குப் பெட்டியில், பட்டாளத்துச் சட்டைப் பைக்குள் நான்கு காகிதத் துண்டுகள் இருக்கும், அவற்றையும். தபாலுக்கு நேரமாகிவிட்டது. அந்தக் கடிதத்தை அவன் யாருக்கு எழுதினான் என்றுகூட எனக்கு இன்னும் படிக்கத் தெரியாது.

உங்கள் மகன்
துரைக்கண்ணு