கண்ணாடி போடாத மாப்பிள்ளை

பெரியவளே,

தூங்குகிறாய், எழுப்ப மனசு வரவில்லை. சாப்பாடு ஃபிரிட்ஜில் இருக்கிறது, தம்பிக்குச் சூடுபண்ணிக் கொடு. சாவி ஆணியில்.

எங்கள் கல்யாண நாளுக்கு ஊர் சுற்ற நீ போட்டுக் கொடுத்த பட்டியலைப் பார்த்து நான் சிரித்ததற்கு நேற்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாயே, அது கேலி இல்லையடி. கல்யாணமான புதிதில், இன்று நாங்கள் கிளம்புகிற இதே நகரத்துக்குத்தான் போனோம். புதுப் பெண்டாட்டி முன்னால் மூக்குக்கண்ணாடி போட வெட்கப்பட்டு, உங்கப்பா போர்டு தெரியாமல் என்னையும் கூட்டிக்கொண்டு தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டார். ஓர் இடமும் பார்க்கவில்லை. டெப்போவரை போய், டிரைவரோடு டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். அந்த டீ இன்னும் நாக்கிலேயே நிற்கிறது. "வேணும்னுதான் ஏறினேன்" என்று மனுஷன் இன்றுவரை சாதிக்கிறார்.

அம்மா

பி.கு.: கண்ணாடியைக் காணோம் என்று அப்பா போன் பண்ணினால், தேடுகிற மாதிரி நடி. உன் டிராயரில் நான்தான் ஒளித்து வைத்திருக்கிறேன்.